கொக்கோ இலைவட்டுச் சோதனை: முடிவு சந்தேகமாக இருந்தால் எங்கே பார்ப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சுமுன், பாகான் டத்தோ பக்கம் தென்னைக்கு நடுவே கொக்கோ வைத்திருப்பவர்களுக்குக் கருங்காய் நோயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மழை பிடித்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காயில் ஒரு பழுப்புப் புள்ளி தெரியும். இரண்டு வாரத்தில் காய் முழுக்கக் கறுத்துவிடும். மலாய்க்காரர்கள் புவா ஹித்தாம் என்பார்கள். உலக அளவில் ஆண்டுதோறும் 20 முதல் 30 விழுக்காடு காய் இந்த நோயில் போகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2024 கடைசியில் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, முன்பு வெட்டிப்போட்ட இடத்தில் மறுபடியும் கன்று வைக்கலாமா என்று கேட்டு வந்தவர்கள் பலர். வைக்கலாம். எந்தக் கன்றை வைப்பது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் தேடும் வேலையை நான் இருபது ஆண்டுக்கு மேலாகப் பார்க்கிறேன். இரண்டு மரங்களைக் கையால் மகரந்தம் தொட்டுச் சேர்த்து, வரும் விதையை முளைக்க வைத்து, எந்தக் கன்று நோயைத் தாங்கும், எது தாங்காது என்று இலையிலிருந்து வெட்டிய வட்டில் நோயை ஏற்றிப் பார்த்துப் பிரிப்பது. இதுதான் இலைவட்டுச் சோதனை. ஒரு காயில் 30, 40 விதை இருக்கும். எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள்தான், ஆனால் பெற்றோரே கலப்பு என்பதால் ஒவ்வொன்றின் குணமும் வேறு. கொக்கோ விதையைக் காயவைத்துச் சேமிக்கவும் முடியாது, காய்ந்தால் செத்துவிடும். ஆகவே தவறாகக் கழித்துவிட்ட ஒரு கன்று திரும்பி வராது. தவறாக வைத்துக்கொண்ட கன்றோ மூன்று ஆண்டு கழித்து யாரோ ஒருவருடைய தோட்டத்தில் அழுகி நிற்கும். இரண்டும் நடந்திருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதிரியைப் பற்றிக் கொஞ்சம். இதன் பெயர் ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா. 1907இல் பட்லர் என்ற ஆய்வாளர் கோதாவரிக் கழிமுகத்தில் பனைமரங்களின் குருத்தை அழுகவைத்த நோயிலிருந்து இதை விவரித்தார். அதனால்தான் பனையைத் தின்னும் என்ற பொருளில் பால்மிவோரா. நம் டுரியான் மரத்தின் பட்டை அழுகலுக்கும் இதுவே காரணம். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனால் பூஞ்சை இல்லை. இதன் செல்சுவர் செல்லுலோஸ் வகையைச் சேர்ந்தது, பூஞ்சைக்கு இருப்பது கைட்டின். உறவுமுறை பார்த்தால் கடலில் இருக்கும் பழுப்புப் பாசிக்குத்தான் இது பக்கம். இதன் வித்து, அதாவது நோயைப் பரப்பும் நுண்ணிய செல், இரண்டு வாலோடு தண்ணீரில் நீந்தும். சோதனையில் வரும் கோளாறுகளில் பாதி, இதைப் பூஞ்சை என்று நினைத்து நடத்துவதால் வருபவை.

சோதனையின் வழக்கமான முறை இது. துளிர்விட்டு இரண்டு மாதம் ஆன இலையில் 15 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டு வெட்ட வேண்டும். ஈர நுரைப்பஞ்சு விரித்த மூடும் தட்டில் இலையின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 3 லட்சம் நீந்தும் வித்து இருக்கும் கலவையில் 10 மைக்ரோலிட்டர் துளி ஒன்றை நடுவில் விட வேண்டும். பிறகு இருட்டில் 25, 26 பாகை வெப்பத்தில் வைத்து, ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். ஒரு கன்றுக்கு நான் குறைந்தது பத்து வட்டு எடுத்து மூன்று தட்டுகளில் கலந்து வைப்பேன்.

இதோடு மூன்று சாட்சிகள் கட்டாயம். ஆண்டுதோறும் அழுகும் மரம் என்று உங்களுக்கே தெரிந்த ஒன்றின் இலை முதல் சாட்சி. தாங்கும் என்று பெயர் எடுத்த ஒன்றின் இலை இரண்டாவது, நான் ஸ்கா 6 என்ற கொக்கோ இரகத்தை வைத்துக்கொள்கிறேன். வித்து இல்லாமல் வெறும் தண்ணீர்த் துளி விட்ட வட்டு மூன்றாவது. இனி வரும் எல்லா அறிகுறியிலும் முதலில் இந்த மூன்றைப் பாருங்கள். கன்றின் வட்டை அப்புறம் பார்க்கலாம்.

ஏழாம் நாளும் எல்லா வட்டும் பச்சையாகவே இருக்கிறது

இதுதான் மிக ஆபத்தான முடிவு. ஏனென்றால் இது மகிழ்ச்சி தரும் முடிவு.

நாங்கள் ஒரு பருவத்தில் இப்படி ஏமாந்தோம். அப்போது அழுகும் மரத்தின் இலையைச் சாட்சியாக வைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. மூன்று வாரம் தொடர்ந்து வட்டுகள் சுத்தமாக இருந்தன. ஒன்பது கன்றுகளைத் தாங்கும் என்று எழுதி, ஒட்டுக்கட்ட மொட்டுக்குச்சி கொடுத்துவிட்டோம். மூன்று ஆண்டு கழித்து ஒரு சிறுதோட்டக்காரர் கறுத்த காய்களை உரச்சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து முன்னால் வைத்தார். “நீங்க குடுத்த குச்சிதான்யா” என்றார். கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அழுகும் மரத்தின் வட்டும் பச்சையாக இருந்தால், அன்று சோதனையே நடக்கவில்லை என்று பொருள். கன்றுகளுக்கு 0 என்று எழுதாதீர்கள், ஒன்றுமே எழுதாதீர்கள். கோளாறு வித்துக் கலவையிலா, இலையிலா என்று பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு முறையும் மிச்சக் கலவையில் சில துளியை, அதே அழுகும் மரத்தின் முற்றாத பச்சைக் காய் ஒன்றில் ஈரப்பஞ்சோடு ஒட்டி, மூடிய வாளியில் வைத்துவிடுங்கள். ஐந்து நாளுக்குள் காயில் பழுப்புப் பரவினால் கலவை நல்லது, இலையிலோ தட்டிலோ தப்பு. காயும் சுத்தமாக இருந்தால் கலவைதான் செத்தது.

கலவை செத்தது என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். எங்கள் கதையில் காரணம் அதுதான். காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோய், குழாய்த் தண்ணீரை வடிகட்டிப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். நர்சரியில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த ஓர் அக்கா ஒருநாள் குடுவையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இந்தத் தண்ணிய மீன் தொட்டியில ஊத்துனா மீனே செத்துப்போகும். இதுல போய் அது நீந்துமா?” குளோரின். வடிகட்டினால் அது போகாது. வாலோடு நீந்தும் வித்துக்குச் செல்சுவர் கிடையாது, உடம்பு திறந்தே இருக்கிறது. கொஞ்சம் குளோரின், கொஞ்சம் செம்பு போதும், முடிந்துவிடும். செம்புக் குழாய் வழியாக வரும் தண்ணீரும் அதனால் ஆகாது. காய்ச்சி வடித்த நீர் இல்லாவிட்டால், சுத்தமாகப் பிடித்த மழைநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

தண்ணீர் சரி என்றால் அடுத்தது குளிர். ஃபைட்டோஃப்தோராவை வளர்த்து, நீந்தும் வித்து உருவாகும் வித்துப்பைகள் நிறைந்த தட்டில், ஐஸ்பெட்டியில் வைத்துக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, 5 பாகையில் 15 முதல் 30 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து அறை வெப்பத்தில் அரைமணி, முக்கால் மணி நேரம் விட வேண்டும். குளிர் பட்டதும் வித்துப்பைக்குள் இருப்பது துண்டு துண்டாகப் பிரிந்து நீந்தும் வித்தாகி, எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். குளிர் போதவில்லை என்றால் பை அப்படியே ஒரு முளைக்குழாயை விட்டுவிடும், நீந்தும் வித்து வராது. மதிய வெயிலில் கார் பின்னால் ஐஸ்பெட்டி வைத்துக் கொண்டுவந்த தண்ணீர் குளிர்ந்த தண்ணீர் இல்லை. வெப்பமானி போட்டுப் பாருங்கள்.

வித்துப்பையே குறைவாக இருந்தால் கேரட்டு ஊடகத்துக்கு மாறுங்கள். 200 கிராம் கேரட்டை வேகவைத்து அரைத்து வடித்து, 15 கிராம் அகார் சேர்த்து ஒரு லிட்டராக்கி, பிரஷர் குக்கரில் கிருமி நீக்கினால் போதும். இதில் ஃபைட்டோஃப்தோரா நன்றாக வளரும். பத்து நாள் வளர்ப்பில் கடைசிச் சில நாட்களாவது வெளிச்சம் பட வேண்டும். முழு இருட்டில் இழை மட்டும் வளர்ந்து பை குறைவாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு எண்ணிக்கை. இரத்த அணு எண்ணும் கண்ணாடித் தட்டில் ஒரு மில்லிமீட்டர் நடுச் சதுரத்தில் 30 வித்து இருந்தால் அது மில்லிலிட்டருக்கு 3 லட்சம். 10 மைக்ரோலிட்டர் துளியில் 3,000 வித்து. எண்ணுவதற்கு எடுத்த துளியில் மட்டும் அயோடின் விட்டு வித்தை நிறுத்துங்கள். மொத்தக் கலவையையும் வேகமாகக் குலுக்கி நிறுத்திவிட்டு, அதையே இலையில் விடுபவர்கள் உண்டு. குலுக்கினால் வித்து வாலை உதிர்த்து உருண்டையாகிவிடும். அப்புறம் அது இலைத்துளையைத் தேடிப் போகாது. வெளிவந்த கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள், நடுநடுவே மெல்லச் சாய்த்துக் கலக்கிவிட்டால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் நோய் வராவிட்டால் வளர்ப்பே களைத்திருக்கலாம். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்த ஃபைட்டோஃப்தோரா காலப்போக்கில் நோய் உண்டாக்கும் வலுவை இழக்கும். ஒரு பச்சைக் காயில் ஏற்றி, அழுகல் பரவும் விளிம்பிலிருந்து மறுபடியும் பிரித்து எடுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் இதைச் செய்கிறேன்.

கலவை நல்லது, காயில் அழுகல் வந்தது, ஆனால் வட்டு மட்டும் பச்சை. அப்போது இலையைக் கேளுங்கள். மேல்பக்கத்தில் துளி விட்டீர்களா? கொக்கோ இலையின் துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன, மேல்பக்கத்தில் கதவே இல்லை. துளி ஒரே நாளில் காய்ந்துவிட்டதா? அந்த மரத்துக்குச் செம்பு மருந்தோ மெட்டலாக்சிலோ தெளித்திருந்தார்களா? தண்டில் பாஸ்போனேட் மருந்தை ஊசியாகப் போட்டிருந்தார்களா? பாஸ்போனேட் மரத்துக்குள்ளே ஓடி இலைக்கும் வரும், வெளியே கழுவினால் போகாது. அதைப் போட்ட மரத்தின் இலை பல மாதத்துக்குப் பொய்யாகத் தாங்கும். தோட்டத்து மருந்துப் பதிவைப் பார்க்காமல் இலை பறிக்காதீர்கள்.

எல்லா வட்டும் கறுத்துவிட்டது

தண்ணீர் மட்டும் விட்ட சாட்சி வட்டைப் பாருங்கள். அதுவும் கறுத்திருந்தால் நோயே காரணமில்லை, இலை தானாகச் செத்திருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அறையில், மூடிய தட்டுக்குள் மதியம் 35 பாகை போவது நம் ஊரில் சாதாரணம். குளிர்சாதனம் இரவில் மட்டும் ஓடும் அறை என்றால் பகலில் என்ன வெப்பம் என்று ஒரு நாள் முழுக்கக் குறித்துப் பாருங்கள். இன்னொரு காரணம் தண்ணீர் தேங்குவது. நுரைப்பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும், வட்டு மிதக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் தண்ணீர் கசிய வேண்டும், குளம் கட்டக் கூடாது.

தண்ணீர் வட்டு பச்சை, ஆனால் ஸ்கா 6 கூட 4, 5 வாங்கியிருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. வித்து அதிகமாகப் போயிருக்கும், அல்லது இலை இளசு. நீர்த்தபின் மறுபடி எண்ணிப் பார்க்காமல் விட்டதால் பத்து மடங்கு கெட்டியான கலவை போன நாட்கள் எங்கள் குறிப்பேட்டிலும் இருக்கின்றன. தாங்கும் செடி என்றால் நோயே வராத செடி என்று அர்த்தமில்லை. ஆயிரக்கணக்கில் வந்தால் தடுக்கும், பத்தாயிரக்கணக்கில் வந்தால் அதுவும் விழும். இலை இளசாக இருந்தால் எந்த இரகமும் தாங்காது. செந்நிறம் மாறி முழுப்பச்சை வந்து, மடித்தால் மொடமொடக்காமல் வளையும் இலை வேண்டும்.

வட்டின் ஓரம் மட்டும் பழுப்பு

இது வெட்டுக்காயம். வாழைக்காயை வெட்டிவைத்தால் கறுப்பதைப் போலத்தான். துளி விட்ட நடுவிலிருந்து வெளியே பரவும் பழுப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே வருவதை விட்டுவிடுங்கள். வெட்டும் குழாயின் வாய் மழுங்கியிருந்தால் ஓரம் நசுங்கி இது அதிகமாகும், தீட்டிக்கொள்ளுங்கள். துளி வழிந்து ஓரத்தைத் தொட்ட வட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். நோய் காயம் வழியாக நுழைந்துவிடும், இலை எப்படித் தடுத்தது என்பது தெரியாமல் போகும்.

வட்டில் கறுப்புத் தூள், பச்சைப் பூசணம், இளஞ்சிவப்புப் படலம்

வேறு யாரோ குடியேறிவிட்டார்கள். ஃபைட்டோஃப்தோரா விடும் வித்துப்பைகள் வெள்ளை மாவு தூவினாற்போல் மெல்லியதாக இருக்கும். கரித்தூள் போலக் கையில் ஒட்டினால் அது லாசியோடிப்ளோடியா, உண்மைப் பூஞ்சை. அழுகிய காயில் பின்னால் வந்து உட்காரும் வழக்கம் அதற்கு உண்டு. தோட்டத்தில் பழைய கறுத்த காயிலிருந்து வளர்ப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பிடித்துக்கொண்டு வருவார்கள். காயின் நடுவைத் தொடாதீர்கள். பழுப்பும் பச்சையும் சந்திக்கும் புதிய விளிம்பிலிருந்து, தோலுக்குக் கீழே, அரிசி அளவு துண்டு எடுங்கள்.

ஊடகத்தில் பிமரிசின் சேர்ப்பது ஏன் என்று இளம் உதவியாளர்கள் கேட்பார்கள். பூஞ்சையின் செல்சவ்வில் எர்கோஸ்டீரால் இருக்கிறது, பிமரிசின் அதைப் பிடித்துக்கொண்டு பூஞ்சையை அடக்கும். ஃபைட்டோஃப்தோராவுக்கு ஸ்டீராலைத் தானே செய்யவே தெரியாது, ஆகவே அது பாட்டுக்கு வளரும். தோட்டத்தில் கார்பென்டாசிம் தெளித்தும் கருங்காய் நிற்கவில்லை என்று வருகிறவர்களுக்கும் இதே மாதிரியான பதில்தான்: அது பூஞ்சைக்கான மருந்து, இது பூஞ்சை இல்லை. பிமரிசின் கிடைக்காத இடத்தில் பச்சைக் காயையே வடிகட்டியாகப் பயன்படுத்தலாம். சந்தேகமான துண்டைக் காயின் தோலைக் கீறி உள்ளே வைத்தால், ஃபைட்டோஃப்தோரா மற்றவற்றை முந்திக்கொண்டு சதைக்குள் ஓடும். மூன்றாம் நாள் முன்னணி விளிம்பில் எடுங்கள், பெரும்பாலும் சுத்தமாக வரும். அப்படியும் அடையாளம் தெரியாவிட்டால், சுங்கை சுமுனில் மலேசியக் கொக்கோ வாரியத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ஒரே கன்று, இன்று 1, அடுத்த மாதம் 4

கன்று மாறவில்லை, நாம்தான் மாறியிருக்கிறோம். முதலில் இலையின் வயது. கண்ணளவில் இரண்டு மாதம் என்று பறித்தால் ஆறு வாரமும் பத்து வாரமும் கலந்துவிடும். துளிர்விட்ட அன்றே காம்பில் வண்ண நூல் கட்டித் தேதி எழுதிவைப்பதை விட்டால் வேறு வழியில்லை. நாங்கள் மாதத்துக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறோம். பூக்கட்டும் நூலே போதும்.

அடுத்தது நிழல். தென்னையடியில் இருக்கும் கன்றின் இலை பெரியதாக, மெல்லியதாக இருக்கும். வரப்போரம் வெயிலில் நிற்கும் கன்றின் இலை தடித்திருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டால் இரகத்தை அல்ல, வெயிலைத்தான் அளக்கிறோம். ஒப்பிடவேண்டிய கன்றுகளைக் குறைந்தது இரண்டு துளிர்ப் பருவமாவது ஒரே வலைநிழலுக்குக் கீழே வளர்த்து, அதிகாலையில் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, மதிப்பெண் போடும் கண். அளவுகோல் இது: ஒன்றுமில்லை என்றால் 0. தனித்தனி ஊசிமுனைப் புள்ளி என்றால் 1. புள்ளிகள் ஒன்றோடொன்று தொட ஆரம்பித்தால் 2. வலை போலப் பின்னிக்கொண்டால் 3. நடுநடுவே பச்சைத் திட்டு தெரியும் பெரிய பழுப்பு என்றால் 4. ஒரே சீரான பழுப்பு 5. இதில் 0, 1, 5 மூன்றிலும் யாருக்கும் சண்டை வராது. 2க்கும் 3க்கும் இடையில்தான் வரும், கன்றின் தலையெழுத்தும் அங்கேதான் தீர்மானமாகிறது. எது எந்தக் கன்று என்று தெரியாமல், எண்ணை மட்டும் பார்த்து, இருவர் தனித்தனியாகப் போடுங்கள். நமக்குப் பிடித்த கன்று என்று தெரிந்தால் கண் தானாக ஒரு மதிப்பெண் குறைக்கும். நல்ல மனிதர்களுக்கும் இது நடக்கும்.

குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு துளிரில், ஒரே பக்கம் முடிவு வந்த கன்றுக்கு மட்டுமே நான் பெயர் எழுதுகிறேன்.

இலையில் தாங்கியது, காயில் அழுகுகிறது

இந்தப் புகாரோடு வருகிறவர்களின் முகம் வாடியிருக்கும். இலை சொல்வதும் காய் சொல்வதும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகும், முழுக்க ஒத்துப்போகாது. இலைவட்டு ஒரு முதல் சல்லடை. 300 கன்றை 40 ஆக்க அது உதவும். அந்த 40இல் எதைத் தோட்டக்காரருக்குக் கொடுப்பது என்பதைக் காயும் மழையும்தான் முடிவு செய்யும்.

காரணம் என்னவென்றால், ஒரு செடி இரண்டு இடத்தில் தடுக்கலாம். வாசலில் நுழையவிடாமல் தடுப்பது ஒன்று, நுழைந்தபின் வீட்டுக்குள் பரவவிடாமல் தடுப்பது இன்னொன்று. ஒன்றில் கெட்டியாக இருக்கும் மரம் மற்றதில் கெட்டியாக இருக்கவேண்டும் என்றில்லை. காயைச் சோதிக்கும்போது தோலைக் கீறி வைத்தால் முதல் தடுப்பைத் தாண்டிவிடுகிறோம், உள்ளே பரவும் வேகம் மட்டும் தெரியும். கீறாமல் துளி விட்டாலோ தெளித்தாலோ எத்தனை புள்ளி விழுகிறது என்பது தெரியும். இரண்டையும் செய்து, புள்ளிகளின் எண்ணிக்கையையும் அழுகலின் விட்டத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். முற்றாத, நான்கு ஐந்து மாதக் காயாக எடுங்கள். எல்லா மரத்திலும் ஒரே வயதுக் காயாக இருக்கட்டும்.

தோட்டத்தில் கணக்கு எடுக்கும்போது நடக்கும் தவறு வேறு. ஒரு மரத்தில் கருங்காய் குறைவு என்பதால் அது தாங்குகிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். அது தப்பித்திருக்கலாம். நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும். அதற்கு முன்பே காய் முற்றிவிடும் மரம் தப்பிக்கும். காய் உயரத்தில் மட்டும் பிடிக்கும் மரமும் தப்பிக்கும், மண்ணிலிருந்து தெறிக்கும் மழைத்துளி அங்கே எட்டாது. அடிமரத்தில் தொங்கும் காய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எறும்பு மண்ணைக் கொண்டுபோய்க் காம்பில் கூடு கட்டினால் நோயும் கூடவே ஏறும். ஆகவே அறுவடைக்கு அறுவடை, மரத்துக்கு மரம், நல்ல காய் எத்தனை, அழுகியது எத்தனை, எந்த உயரம், எந்த வாரம் என்று எழுதுங்கள். வெறும் கருங்காய் எண்ணிக்கை மட்டும் இருந்தால், காயே பிடிக்காத மரம் உங்களுக்குச் சிறந்த மரமாகத் தெரியும்.

அப்புறம், கறுத்ததெல்லாம் கருங்காய் நோயுமில்லை. சின்னச் சின்ன வட்டக் கரும்புள்ளி, நிறைய, பரவாமல் நின்றுவிட்டால் அது ஹெலோபெல்டிஸ் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி குத்தியது. தென்னையடிக் கொக்கோவில் கறுப்பெறும்பை வளர்ப்பதே இதை விரட்டத்தான். காய் முன்கூட்டியே திட்டுத்திட்டாக மஞ்சளாகி, உள்ளே விதை ஒட்டிக்கிடந்தால் அது காய்த்துளைப்பான், தீபகற்பத்துக்கு 1986இல் வந்து சேர்ந்த பூச்சி. ஃபைட்டோஃப்தோரா அழுகலுக்கு விளிம்பு தெளிவாக இருக்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும், நேற்று பேனாவால் கோடு போட்டால் இன்று தாண்டியிருக்கும். அந்தப் பேனாக் கோடுதான் என் கையில் இருக்கும் மிக மலிவான கருவி. மிக நம்பகமானதும் அதுவே.

சோதனைக்கு வைத்த கன்றே வாடுகிறது

நுனித்துளிர் கறுத்து மடிந்தால், கீழ்த்தண்டில் நீர்க்கசிவு போலப் பழுப்பு ஏறினால், பையில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். அங்கே ஃபைட்டோஃப்தோராவே கன்றைத் தாக்கியிருக்கலாம். ஆனால் நுனியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது துளிரில் ஓர் இலை மட்டும் மஞ்சளாகி அதில் பச்சைப் புள்ளிகள் தீவு தீவாக இருந்தால், அந்த இலையைக் கிள்ளிக் காம்பு இருந்த வடுவைப் பாருங்கள். மூன்று கரும்புள்ளி வரிசையாகத் தெரிந்தால் அது நாளக்கோட்டு நுனிவாடல். வேறு நோய், வேறு உயிரி, உண்மைப் பூஞ்சை. இந்தக் கன்றை இலைவட்டில் கழித்துவிடாதீர்கள், வேறு பட்டியலில் எழுதுங்கள். கருங்காயைத் தாங்கி, நுனிவாடலில் விழும் கன்று, இரண்டையும் தாங்கும் ஒரு பிள்ளைக்குத் தாயாகலாம்.

சோதனை முடிந்த தட்டுகள்

இது அறிகுறி இல்லை. ஆனாலும் கோளாறு பல நேரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. முடிந்த வட்டு, காய், நுரைப்பஞ்சு எல்லாவற்றையும் கொதிக்கவைத்த பிறகே வெளியே போடுங்கள். கழுவிய தண்ணீரையும் கொதிக்கவைத்தே கொட்டுங்கள். நம் ஊர்ச் சாக்கடை பாரித் என்ற வடிகால் வாய்க்காலுக்குப் போகிறது, பாரித் எல்லார் தோட்டத்தையும் சுற்றி ஓடுகிறது. இந்த உயிரிக்கு நீந்தத் தெரியும். வளர்ப்பு வைத்திருக்கும் அறையும் நாற்றங்காலும் ஒரே கூரையின் கீழ் வேண்டாம். காலையில் நாற்றங்கால் வேலை, மதியத்துக்கு மேல் சோதனை அறை. திரும்பிப் போகவேண்டுமென்றால் பூட்ஸைக் கழுவிவிட்டுப் போங்கள். ஆப்பிரிக்காவில் மெகாகார்யா என்ற இன்னொரு ஃபைட்டோஃப்தோரா காயை இதைவிட மோசமாக அழிக்கிறது, அது இங்கே இல்லை. வெளிநாட்டுத் தோட்டம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் காயோ மொட்டுக்குச்சியோ மண் ஒட்டிய காலணியோ கொண்டுவந்து கொடுத்தால், எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.